பெட்ரோலா... பஞ்சரா?

வண்டி நின்றுபோய் சாலையோரம் தவிக்கிறவருக்காக முன்பின் தெரியாத ஒருவர் பிரேக் பிடிக்கிறார். தமிழ்நாட்டுச் சாலைகளின் இந்தப் பழைய வழக்கம் இன்று எப்படி இருக்கிறது?

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டரை மணி. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி, கூட்டேரிப்பட்டு வருவதற்குச் சில கிலோமீட்டர் முன்னால் என் வண்டி இரண்டு முறை விக்கியது. மூன்றாவது விக்கலில் நின்றேவிட்டது. உருண்டுகொண்டிருந்த வேகத்திலேயே இடது ஓரம் ஒதுக்கி ஸ்டாண்ட் போட்டேன். ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. பட்டனை அழுத்தினால் இன்ஜின் சுற்றவும் செய்கிறது. ஆனால் பிடிக்கவில்லை.

ஊருக்குப் போன சென்னை மொத்தமும் அந்த இரவில்தான் திரும்பிக்கொண்டிருந்தது. ஆம்னி பஸ் ஒன்று கடக்கும்போதெல்லாம் காற்று அடித்த அடியில், ஸ்டாண்டில் நின்ற வண்டியே ஆடியது. கார்கள் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது, அந்த வேகம் அப்படி. பைக்குகள் சில மெதுவானாற்போல் தெரிந்து, பிறகு போய்விட்டன. இருபது நிமிடம் கழித்து ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், என்னைத் தாண்டிப் போய், யோசித்து, ஓரமாகவே காலால் உந்திப் பின்னால் வந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் மப்ளர், பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய தவிட்டு மூட்டை.

“இன்னா தம்பி, பெட்ரோலா பஞ்சரா?”

இரண்டும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லி, வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டி, காதை வைத்துக் கேட்டார். “கெடக்குது” என்றார். பிறகு குந்தி உட்கார்ந்து, என் செல்போன் வெளிச்சத்தில் டேங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பெட்ரோல் டேப்பைத் தேடுகிறார் என்று புரிந்தது. அது இருந்தால்தானே கிடைக்கும்!

“எஃப்.ஐ. வண்டியா இது? அப்ப நம்ம கை ஆவாது தம்பி.”

சொல்லிவிட்டு அவர் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ஓரத்தில் நின்ற புங்க மரத்திலிருந்து இரண்டு கிளையை ஒடித்தார். வண்டிக்குப் பின்னால் முப்பது நாற்பது தப்படி நடந்து போய், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அதைப் போட்டு, பறக்காமல் இருக்க மூன்று கல்லைத் தூக்கி வைத்தார். எக்ஸ்எல்லை எனக்குப் பின்னால் நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். “கூட்டேரிப்பட்டுல நம்ம பையன் ஒருத்தன் கடை வெச்சிருக்கான்” என்று போனை எடுத்தார்.

மெக்கானிக் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அவர் என்னோடு நின்றார். தவிடு வீட்டில் காத்திருக்கும் மாட்டுக்கு.

இந்தக் கட்டுரை அந்த நாற்பது நிமிடத்தில் தொடங்கியது. நமக்கு உதவ நின்ற ஒருவர், உதவத் தெரிந்த கைகளோடுதான் நின்றார். ஆனால் அந்தக் கைகளுக்கு என் வண்டியில் வேலை இல்லை. இதை யோசிக்க யோசிக்க, சாலையில் மாறிவிட்ட பலவும் கண்ணில் பட்டன.

விரல் குவித்து விரித்த காலம்

நம் ஊர்ச் சாலைகளில் அந்நியர்கள் பேசிக்கொள்வதற்கென்றே ஒரு மொழி உண்டு. பகலில் ஹெட்லைட் எரியவிட்டு எதிரே வருபவரைப் பார்த்தால், ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிப்போம். ‘லைட் எரியுது’ என்று அர்த்தம். அவர் அணைத்துவிட்டு லேசாகத் தலையசைப்பார். அவ்வளவுதான், இரண்டு பேரும் இனி வாழ்நாளில் சந்திக்கப் போவதில்லை.

2017 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்வரை விளக்கும் எரியும். அணைக்கும் சுவிட்சே கிடையாது. பாதுகாப்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விரல் சைகை அதோடு செத்துப்போனது. பழக்கதோஷத்தில் இன்னும் சிலர் விரிக்கிறார்கள். எதிரே வரும் இளைஞருக்கு அது என்னவென்றே தெரிவதில்லை.

அடுத்தது “சைடு ஸ்டாண்ட்! சைடு ஸ்டாண்ட்!” இதைவிட அதிகம் ஒலித்த வாசகம் தமிழ்நாட்டுத் தெருக்களில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். டீக்கடையில் நிற்பவர் கத்துவார், பஸ் ஜன்னலில் இருப்பவர் கத்துவார், பின் சீட்டுக் குழந்தைகூடக் கத்தும். இப்போது பல புதிய வண்டிகளில் ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் இன்ஜினே அணைந்துவிடுகிறது. அந்தக் குரலும் குறைந்துவருகிறது. முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்துக்குப் பக்கத்தில் பறப்பதை எந்த சென்சாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதால், “அம்மா, சேலை!” மட்டும் மிச்சமிருக்கிறது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவரிடம் கேட்கும் “பெட்ரோலா, பஞ்சரா?” இந்த மொழியின் முக்கியமான கேள்வி. ஒரு காலத்தில் வண்டி நின்றதற்கு முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். இரண்டுக்குமே வழிப்போக்கரால் ஏதாவது செய்ய முடியும் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

உப்புத்தாளும் தீப்பெட்டியும்

என் அப்பா டிவிஎஸ் 50 வைத்திருந்தார். பண்ருட்டி சாலையில் பெட்ரோல் தீர்ந்து ஒருவர் நின்றிருந்தால், அப்பா இறங்கி, டேப்பிலிருந்து டியூபை உருவி, எதிராளி நீட்டிய பாட்டிலில் கால் பாகம் பிடித்துக் கொடுப்பார். எங்கள் வண்டியில் இருப்பதே ஒன்றரை லிட்டராகத்தான் இருக்கும். அவர் காசை நீட்டினால், “இதுக்கு என்னங்க காசு” என்று டியூபை மாட்டுவதில் மும்முரமாகிவிடுவார். கையில் அடிக்கும் அந்த பெட்ரோல் வாடை வீடு வரும்வரை போகாது.

அன்றைய வண்டிகளில் எல்லாமே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. பிளக்கைக் கழற்றி, கரி பிடித்திருந்தால் உப்புத்தாளில் தேய்த்து, இன்ஜின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்துப் பார்ப்பார்கள். நீலமாகப் பொறி வந்தால் கரன்ட் சரி, அடுத்தது பெட்ரோல். புல்லட்காரர்கள் சி.பி. பாயின்டைத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்துச் சரிசெய்வார்கள். கார்புரேட்டரில் ஜெட் அடைத்திருந்தால் கழற்றி வாயால் ஊதுவார்கள். பெட்ரோல் இறங்காவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து அதிலும் ஊதுவதுண்டு. யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் ஸ்பேர் பிளக் ஒன்றைப் பையிலேயே வைத்திருந்தார்கள். வண்டி ஓட்டத் தெரிந்த எவரும் கால் மெக்கானிக்காகவாவது இருந்தே தீரவேண்டிய காலம். அதனால்தான் ஒருவர் நின்றால் இன்னொருவர் நின்றார். நின்றால் ஏதாவது செய்ய முடியும் என்ற தைரியம் அவருக்கு இருந்தது.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 விதிகள் வந்தன. புகையைக் கட்டுப்படுத்த, அநேகமாக எல்லாப் புதிய பைக்குகளும் கார்புரேட்டரைக் கைவிட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு (எஃப்.ஐ.) மாறின. டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்ப், எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போட ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வண்டி தொந்தரவு தருவது குறைந்தது. தொந்தரவு தந்தால் வழிப்போக்கர் சரிசெய்வதும் குறைந்தது. உருவிக் கொடுக்க டேப்பும் டியூபும் இல்லை. இருக்கிற குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கும், அதில் கை வைப்பது ஆபத்து. பேட்டரி அடியோடு படுத்துவிட்டால், இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளி விடும் பழைய வித்தையும் பல வண்டிகளில் பலிப்பதில்லை. பம்ப் ஓடவே மின்சாரம் வேண்டுமே.

பங்கில் போய் பாட்டிலில் வாங்கலாம் என்றால் அதற்கும் தடை. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் தருவது பாதுகாப்பு விதிகளுக்கு எதிரானது. பல பங்குகளில் ‘பாட்டிலில் பெட்ரோல் வழங்கப்பட மாட்டாது’ என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த விதிக்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால் மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு மாற்று வழியை யாரும் யோசித்துவைக்கவில்லை.

கூட்டேரிப்பட்டுப் பையன் வந்ததும் வண்டியைத் தொடவேயில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டான். “சாவி போட்டா உள்ள ‘ங்ங்’னு ஒரு சத்தம் வருமேண்ணா, வருதா?” போட்டுப் பார்த்தோம். வரவில்லை. நான் கவனித்தே பழகாத சத்தம் அது. “பம்ப்புக்குக் கரன்ட் போவல” என்று சைடு பேனலைக் கழற்றினான். நகத்தளவு பியூஸ் ஒன்று கருகியிருந்தது. ஹேண்டில் கழுத்தில் ஒரு ஒயர் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது, அதுதான் மூலகாரணம். டேப் சுற்றினான். புது பியூஸுக்கு எங்கே போவது என்று நான் கேட்பதற்குள், அதே பெட்டியின் மூடிக்குள் செருகியிருந்த இன்னொரு பியூஸை எடுத்துக் காட்டினான்.

“ஸ்பேரு உள்ளயே குடுத்திருக்கான் பாருங்கண்ணா.”

மூன்று ஆண்டாக நான் அதன் மேல்தான் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இருபத்து நான்கு வயதுப் பையன். பழைய வண்டி வேலையை ஒரு கடையில் கற்றுக்கொண்டு, புதிய வண்டி வேலையை செல்போனில் வீடியோ பார்த்தும் கெடுத்தும் சரிசெய்தும் கற்றிருக்கிறான். கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் கருவி அவனிடம் இல்லை. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு எந்த கம்பெனி சர்வீஸ் சென்டரும் திறந்திருக்காது. திறந்திருப்பது இவன் கடைதான். இவனைப் போன்றவர்களுக்கு முறையான பயிற்சியும் கருவியும் கிடைக்க வழிசெய்வதுதான், நெடுஞ்சாலையில் நிற்கும் ஆயிரம் பேருக்குச் செய்யும் பெரிய உதவியாக இருக்கும். வண்டி தயாரிக்கும் நிறுவனங்கள் விற்ற வண்டியின் மீது மட்டுமில்லாமல் அது நின்றுபோகும் இடத்தின் மீதும் கண் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெட்டிச் செய்தி: கை வைக்கும் முன் கண் வையுங்கள்

வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் சிவப்பு கில் சுவிட்ச் தெரியாமல் தட்டப்பட்டிருக்கிறதா? வண்டி ‘ரிப்பேர்’ என்று தள்ளிக்கொண்டு போகிறவர்களில் சிலருக்கு இதுதான் கோளாறு.

சைடு ஸ்டாண்ட் முழுதாக மடங்கியிருக்கிறதா? சென்சாரில் சேறு அப்பியிருந்தாலும் சில வண்டிகள் கிளம்பாது.

சாவி போட்டதும் பம்ப் ஓடும் சத்தம் இரண்டு மூன்று நொடி கேட்கிறதா? கேட்காவிட்டால் பியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் ஸ்பேர் பியூஸ் அதே பெட்டியில் இருக்கும். எங்கே என்று இன்றே, வெளிச்சத்தில், வீட்டு வாசலில் பார்த்துவையுங்கள்.

விளக்கு மங்கி, ஹாரன் கம்மினால் பேட்டரி முனை லூஸாகியிருக்கலாம்.

நின்ற இடம்தான் ஆபத்து

வண்டி கெட்டுப்போவதால் யாரும் சாவதில்லை. கெட்டுப்போன வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கும்போது சாகிறார்கள். இதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நின்றிருக்கும் வண்டியில் மோதுவதையும் தனி வகையாகவே இந்தக் கணக்கில் பதிகிறார்கள். அந்த அளவுக்கு அது வழக்கமாக நடக்கிறது.

பிளக்கைக் கழற்றக் குனிந்தவருக்கு முதுகுக்குப் பின்னால் வரும் லாரி தெரியாது. உதவ நின்றவரும் அதே இடத்தில் குனிந்தால், ஒன்றுக்கு இரண்டு உயிர். எக்ஸ்எல் பெரியவர் கிளையை ஒடித்துப் போட்டது அதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. என் வண்டியை அவர் சரிசெய்யவில்லை. எனக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டார். இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கூட இதைச் செய்யலாம். பின்னால் வண்டியை நிறுத்தி இண்டிகேட்டர் போடலாம். “ரோட்டுப் பக்கம் உக்காராதீங்க, இந்தப் பக்கம் வாங்க” என்று சொல்லலாம். டார்ச் பிடிக்கலாம். சாலையைப் பார்த்து நிற்க ஒருவர் இருப்பதே வண்டியைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குக் காவல்.

கால் கொடுத்துத் தள்ளுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நின்ற வண்டிக்காரர் நியூட்ரலில் ஏறி உட்கார, உதவுகிறவர் வலப்பக்கத்தில் வந்து, இடது காலை அவருடைய பின் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி உந்திக்கொண்டே போவார். பாதம் கொஞ்சம் நழுவி சைலன்சரில் பட்டால் ரப்பர் செருப்பு உருகி ஒட்டிக்கொள்ளும். பார்க்க எவ்வளவு அழகான காட்சி! இரண்டு வண்டி, ஒரு இன்ஜின், நடுவே ஒரு கால். பங்க் வரை ஒரு தெரு, இரண்டு தெரு, மெதுவாகப் போவதென்றால் ஊருக்குள் இது நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் நான்குவழிச் சாலையில் இது வேண்டவே வேண்டாம். ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் இருவரும் விழுவார்கள், விழும் இடம் லாரிச் சக்கரத்துக்கு நேராக இருக்கும். நின்ற வண்டியின் பின் விளக்கும் எரியாமல் இருக்கலாம். நெடுஞ்சாலையில் ஓரத்தில் நிற்பது, அழைப்பது, காத்திருப்பது இவைதான் சரி.

அழைப்பதற்கு 1033 என்ற எண் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவற்றை இதன் மூலம் வரவழைக்கலாம். பைக்குகளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. அதனாலோ என்னவோ, பைக்காரர்கள் பலர் இந்த எண் தங்களுக்கானது என்றே நினைப்பதில்லை. உங்களுக்கும் உரியதுதான், அழையுங்கள். சுங்கச்சாவடி ஒவ்வொன்றிலும் கிரேன் நிற்கும் இடத்தில் ஒரு காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் கிட்டும் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

பெட்டிச் செய்தி: போனில் பதிந்துகொள்ள

1033: தேசிய நெடுஞ்சாலை உதவி

108: ஆம்புலன்ஸ்

112: காவல் துறை உள்ளிட்ட எல்லா அவசர உதவிக்கும்

181: பெண்களுக்கான உதவி எண்

நெடுஞ்சாலை ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் படித்துச் சொன்னால், நீங்கள் நிற்கும் இடத்தை விளக்க வேறெதுவும் வேண்டாம்.

அவர் ஏன் தயங்குகிறார்?

2019 நவம்பர் 27 இரவு. ஹைதராபாத் அருகே ஷம்ஷாபாத் சுங்கச்சாவடிப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போன இளம் கால்நடை மருத்துவர் திரும்பி வந்தபோது டயரில் காற்று இல்லை. பஞ்சர் போட்டுத் தருகிறோம் என்று சிலர் வந்தார்கள். காற்றைப் பிடுங்கியவர்களே அவர்கள்தான் என்று பின்னர் போலீஸ் சொன்னது. அந்தப் பெண் உயிரோடு வீடு திரும்பவில்லை.

இந்தியா முழுக்க ஸ்கூட்டர் ஓட்டும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தச் செய்தி தெரியும். அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும் தெரியும். “பெட்ரோலாம்மா, பஞ்சராம்மா?” என்று நாம் நல்ல மனதோடுதான் கேட்கிறோம். அவர் காதில் அந்தக் கேள்வி எந்தக் குரலில் விழுகிறது என்பதை நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர் “பரவாயில்லை, வீட்ல இருந்து வர்றாங்க” என்று வெட்டிப் பேசினால் ஆண்களுக்குச் சுருக்கென்கிறது. சுருக்கென்னக் கூடாது. அந்தத் தயக்கம் நம்மீதான அவமரியாதை இல்லை. அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் அவர் இத்தனை நாள் பத்திரமாக வண்டி ஓட்டியிருக்கிறார்.

பெண்ணுக்கு உதவ நிற்கிறவர் செய்யக்கூடியது நிறைய. இரண்டு வண்டி தூரம் தள்ளியே நின்று கேட்கலாம். குடும்பத்தோடு போகிறவர் என்றால் மனைவியைப் பேசச் சொல்லலாம். ‘அந்த டீக்கடை வெளிச்சத்துக்கு வண்டியைத் தள்ளிட்டுப் போயிடுங்கம்மா, நான் பஞ்சர் ஆளை அனுப்பி வைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு நகரலாம். அப்படிச் சொல்லி, நிஜமாகவே ஆளை அனுப்பிவைப்பது முழு உதவி. நன்றியை நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டால் போதும்.

பெண்கள் பக்கத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. குழுவாகப் பயணம் போகும் பெண் பைக்கர்கள் பஞ்சர் போடவும் செயின் மாட்டவும் கற்றுக்கொண்டு கிளம்புகிறார்கள். டியூப்லெஸ் டயர் என்றால் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அரம் போன்ற கருவியால் குடைந்து, ரப்பர் கயிற்றைச் சொருகி, மிச்சத்தை வெட்டிவிட்டுக் காற்றடிக்கப் பத்து நிமிடம் போதும். ஸ்போக் சக்கரத்தில் டியூப் இருக்கும், அது வேறு வேலை. அதற்குப் பஞ்சர் கடையும் தண்ணீர்த் தொட்டியில் முங்கும் டியூபும் குமிழியும் இன்னும் வேண்டும்.

ஒரே சாலை, வேறு வேறு சட்டை

வேளச்சேரியில் ஒரு மதியம் பார்த்தது. உணவு டெலிவரி செய்யும் இருவர். சட்டை நிறம் வேறு, கம்பெனி வேறு. ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டி போடும் கம்பெனிகள் அவை. நீலமும் பச்சையுமாகச் சட்டை போட்டிருந்த அந்த இருவரில் ஒருவர் இன்னொருவரைக் கால் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனார். தள்ளியவர் பையிலும் ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாடு இருந்தது.

மற்றவர்களுக்கு வண்டி நிற்பது தாமதம். இவர்களுக்கு அது அன்றைய கூலி. ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும், வாடிக்கையாளரின் கோபத்தைக் கேட்க வேண்டும், வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால் அடுத்த நாள் வருமானமும் போகும். அதனால் இவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் அவசரம் வேறு எங்கும் காணக்கிடைக்காது. எந்த மெக்கானிக் இரவு பத்து மணிக்கு மேல் போனை எடுப்பார் என்று கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இவர்களைப் போன்ற இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில், மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது.

மின் ஸ்கூட்டர் வந்தால் பெட்ரோல் செலவு மிச்சம். ஆனால் சார்ஜ் தீர்ந்து நிற்கிறவருக்கு எதைப் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது? ‘எங்க கடையில போட்டுக்கங்க’ என்று பிளக் பாயின்டைக் காட்டும் மளிகைக் கடைக்காரர்தான் இனி நமக்கு வழிப்போக்கர் போலிருக்கிறது. அப்படிச் சில கடைகளை இப்போதே பார்க்க முடிகிறது.

மலையில், மழையில்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கல்லட்டிக்கு 36, திம்பத்துக்கு 27. எண்ணிக்கொண்டே ஏறுவது உற்சாகம். ஏறும்போது செயின் அறுந்தால், எண்ணிய வளைவுகளெல்லாம் தூரமாக மாறிவிடும். போனில் சிக்னலும் இருக்காது.

மலைச் சாலையில் உதவி என்பது செய்தி கொண்டுபோவதுதான். எதிரே இறங்கி வருபவரை நிறுத்தி, “பண்ணாரியில மெக்கானிக் யாராவது இருந்தா சொல்லிட்டுப் போங்கண்ணே” என்று சொன்னால், அவர் சொல்லிவிட்டுத்தான் போவார். என் நண்பர் ஒருவர் இப்படிச் சொல்லி அனுப்பி ஒரு மணி நேரத்தில் ஆள் வந்தது. சொன்னவர் யாரென்று வந்தவருக்கும் தெரியவில்லை. அதுவும் இல்லாவிட்டால், காய்கறி ஏற்றி இறக்கித் திரும்பும் குட்டி யானை வண்டி. கயிறு கட்டி பைக்கை ஏற்றிக்கொண்டு டீசலுக்குக் காசு வாங்கினால் வாங்குவார், இல்லாவிட்டால் ஒரு டீ.

காட்டுச் சாலையில் நேரம் முக்கியம். திம்பம் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடையை 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறைப்படுத்தினார்கள். பந்திப்பூர் வழியில் 2009-லிருந்தே இரவுத் தடை. மாலை மங்கும் நேரத்தில் அங்கே ஒரு பைக் நின்றிருந்தால், பின்னால் வருபவர்கள் கடந்து போகவே கூடாது. யானை நடமாடும் வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைவிட, வண்டியை விட்டுவிட்டு ஆளைக் காரில் ஏற்றிச் சோதனைச் சாவடியில் இறக்குவது மேல். வண்டியை வனத்துறையிடம் சொல்லிக் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

சமவெளிக்காரர்களுக்கு மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய பைக்குகள் எத்தனை! தண்ணீர் வடிந்ததும் ஆவலில் பட்டனை அழுத்தியவர்கள்தான் அதிகம் செலவழித்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்திச் சுருக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால், அல்லது ஆயில் கண்ணாடியில் எட்டிப் பார்த்தால், உள்ளே தண்ணீர் கலந்த ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கும். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து “ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்!” என்று கத்தினாரே, பல்லாயிரம் ரூபாய் பெறும் உதவி அது. பழைய “சைடு ஸ்டாண்ட்!” குரல்தான், வேறு வார்த்தையில்.

பெட்டிச் செய்தி: போலீஸ், கோர்ட் பயம் வேண்டாம்

விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் சாட்சி, விசாரணை என்று இழுப்பார்கள் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே சேர்ந்தது. மருத்துவமனையில் சேர்த்தவர் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

கடுமையாகக் காயமடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 2021-ல் மத்திய அரசு அறிவித்த 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, 2025-ல் 25,000 ஆனது.

தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை.

மூன்று கல்

பியூஸை மாற்றிச் சாவியைப் போட்டதும் ‘ங்ங்’ என்றது. பட்டனைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. பையனுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். அவன் நூறைத் திருப்பித் தந்தான், “பியூஸு உங்களோடதுதானண்ணா” என்றான். பெரியவரிடம் நான் எதையும் நீட்டவில்லை, அப்பாவின் முகம் ஞாபகம் வந்துவிட்டது. ஊர் எது என்று மட்டும் கேட்டேன். மயிலம் பக்கம் என்று கையைக் காட்டினார். தவிட்டு மூட்டையின் கயிற்றை இழுத்து இறுக்கினார்.

கிளம்பலாம் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவரைக் காணோம். எக்ஸ்எல் அங்கேயே இண்டிகேட்டர் போட்டபடி நின்றது. பின்னால், இருட்டில், ஆம்னி பஸ்ஸின் வெளிச்சம் ஒன்று வந்து போனபோது தெரிந்தது. புங்கங்கிளை இரண்டையும் பள்ளத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டருகே குனிந்து கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் போய் ஒன்றை எடுத்தேன்.

“வெச்சத அப்டியே உட்டுட்டுப் போயிடுவானுங்க தம்பி, அப்பறம் பின்னால வர்ற ரெண்டு சக்கரக்காரன்தான் ஏறி உழுவான்” என்றபடி மூன்றாவது கல்லைக் காலால் தடவித் தேடினார்.